மீன் தொட்டிச் செடிகளுக்குக் கவாத்து: எதை, எங்கே, எவ்வளவு வெட்டுவது

தொட்டிச் செடியில் கத்தரிக்கோலை வைக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்தச் செடியில் புதிய இலை எங்கிருந்து வருகிறது? தண்டின் உச்சியிலிருந்தா, மண்ணை ஒட்டிய நடுக்குருத்திலிருந்தா, கட்டையின் மேல் படுத்துக் கிடக்கும் கிழங்குத்தண்டின் முனையிலிருந்தா? ரோட்டாலா என்னும் தண்டுச் செடியைப் பாதியில் வெட்டினால் ஒரு தண்டு இரண்டாகும், மூன்றாகும். அதே வெட்டை அமேசான் ஸ்வார்டின் நடுக்குருத்தில் போட்டால் செடி தேறுவதே சந்தேகம். கவாத்தில் நடக்கும் பெரும்பாலான சேதம் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி வெட்டுவதால் வருவதுதான்.

வெட்டாமலே விட்டால் என்ன? உயரமான தண்டுகள் நீர்ப்பரப்பில் வளைந்து படர்ந்து, கீழே இருப்பவற்றின் வெளிச்சத்தை அடைத்துவிடும். அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். தண்டின் கீழ்ப்பாதி மொட்டைக் குச்சியாக நிற்கும். அடர்ந்த புதருக்குள் நீரோட்டம் நுழையாது. அங்கே கழிவு தேங்கும், பாசி பிடிக்கும். இரவில் செடிகளும் சுவாசிப்பதால், புதர் மண்டிய தொட்டியில் விடியற்காலை ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதும் உண்டு.

எப்போது தொடங்கலாம்

புதிதாக நட்ட தொட்டியில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு வளர்ச்சியை வெட்ட வேண்டாம். செடி அப்போது வேர் பிடிக்கும் வேலையில் இருக்கும். பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் நீருக்குள் வந்ததும் கண்ணாடி போலாகிக் கரையும். கரைகிற இலைகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்; நீருக்குள் பிறக்கும் புதிய இலைகளைத் தொடாதீர்கள்.

அதன் பிறகு நாள்காட்டியைவிடச் செடியின் உயரத்தைப் பார்ப்பது நல்லது. தண்டுச் செடிகள் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தைத் தொட்டதும் முதல் வெட்டு. பரப்பைத் தொடும்வரை காத்திருந்தால் அடியிலைகள் அதற்குள் போயிருக்கும். வெட்டிய பிறகு மிஞ்சுவது துளிர்க்கத் தெம்பில்லாத குச்சி. கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, நல்ல வெளிச்சமும் தரும் தொட்டியில் வேகமான செடிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு தேவைப்படும். எளிய தொட்டியில் மாதம் ஒருமுறை போதும். அனுபியாஸ் போன்றவற்றுக்குக் கத்தரிக்கோலே தேவைப்படாமல் மாதங்கள் ஓடும்.

கருவிகள்

நீளமான துருப்பிடிக்காத எஃகுக் கத்தரிக்கோல் ஒன்று, 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இடுக்கி ஒன்று, மெல்லிய கண் வலை ஒன்று, நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாய், இரண்டு வாளி. இவ்வளவு இருந்தால் வேலை நடக்கும். நேரான கத்தரிக்கோல் தண்டுச் செடிகளுக்கு. தரையில் படரும் செடிகளை மட்டமாக வெட்ட, முனை வளைந்தது அல்லது இரட்டை வளைவுள்ளது வசதி. நேர்க் கத்தரிக்கோலின் கைப்பிடி கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருக்கும். கட்டை இடுக்குகளில் மாஸ் என்னும் வேரில்லாச் சிறுசெடியை வெட்ட, அழுத்தினால் மூடி விட்டால் திறந்துகொள்ளும் சிறிய ஸ்பிரிங் கத்தரிக்கோல் கைக்கு இதம்.

எந்த வகையாக இருந்தாலும் கூர்மை முக்கியம். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய முனை இரண்டு நாளில் பழுப்பாகி, அழுகல் கீழ்நோக்கி இறங்கி, துளிர்க்க வேண்டிய கணுவையும் சேர்த்துக் கொண்டுபோகும். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சோப்பும் தொட்டிக்கு ஆகாது. நோய் கண்ட தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போகும்போது கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, நல்ல நீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெட்டும் நாளின் வரிசை

நீர் மாற்றும் நாளிலேயே கவாத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெட்டு, பிறகு நீர் மாற்றம். வெட்டிய தண்டுகளிலிருந்து கசியும் சாறும், கலைந்த கழிவும் நீரோடு வெளியே போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

1. ஹீட்டர், ஃபில்டர், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஹீட்டரின் பிளக்கையே கழற்றிவிடுங்கள். நீர்மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கலாம். மின்சாரம் ஓடும் தொட்டிக்குள் கைவிடுவதும் ஆபத்து. விளக்கு மட்டும் எரியட்டும், அதுவும் நீரில் விழாதபடி உறுதியாக இருந்தால்.

2. கைகளைச் சோப்பில்லாமல் முழங்கை வரை கழுவுங்கள். கையில் காயமிருந்தால் நீளக் கையுறை போடுங்கள்.

3. முன் கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். எது எதை மறைக்கிறது, எந்தக் கூட்டம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது தொட்டிக்குள் தலையை விட்டபிறகு தெரியாது.

4. மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள்: மிதக்கும் செடிகள், தண்டுச் செடிகள், நடுக்குருத்திலிருந்து வளரும் ரோசெட் செடிகள், கட்டையில் இருப்பவை, கடைசியில் தரைவிரிப்பாகப் படரும் செடிகள். தரையை முதலில் வெட்டிச் சுத்தம் செய்தால் மேலிருந்து விழும் துண்டுகளுக்காக மறுபடியும் கைவிட வேண்டியிருக்கும்.

5. ஒவ்வொரு கூட்டத்தையும் வெட்டி முடித்ததும் மிதக்கும் துண்டுகளை வலையால் எடுங்கள். எல்லாம் முடிந்தபின் மொத்தமாக எடுக்கலாம் என்று விட்டால் கீழே என்ன செய்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

6. எடுத்த செடிகளைத் தொட்டி நீர் நிரப்பிய வாளியில் போட்டு ஒரு அலசு அலசுங்கள். இறால்களும் மீன்குஞ்சுகளும் அதில் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம்; அவற்றைத் திரும்ப விடுங்கள்.

7. தரையை ஒட்டிச் சைஃபன் பிடித்து, 30 முதல் 50 சதவீதம் நீரை மாற்றுங்கள். புதுநீரின் வெப்பம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். குளோரின் நீக்கியிருக்க வேண்டும்.

8. ஃபில்டரைத் திரும்ப ஓட்டுங்கள். சிறிது நேரம் கழித்து அதன் உறிஞ்சுவாயைப் பாருங்கள். தப்பிய துண்டுகள் அங்கேதான் போய் ஒட்டியிருக்கும்.

ஃபில்டர் நிற்கும் நேரம் அரை மணியாக இருந்தால் நல்லது, ஒரு மணிக்கு மேல் வேண்டாம். மூடிய கேனிஸ்டர் வகை ஃபில்டருக்குள் நீர் ஓடாமல் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே இருக்கும் பயனுள்ள பாக்டீரியாக்கள் பாதிக்கப்படும். பெரிய தொட்டியில் வேலை நீளும் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே அமர்வில் எவ்வளவு எடுக்கலாம்? தொட்டியின் மொத்தச் செடிகளில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பான அளவு. பாதியைத் தாண்டினால், நீரிலுள்ள சத்தையும் அம்மோனியாவையும் உறிஞ்சிக்கொண்டிருந்த இலைப்பரப்பு திடீரென்று இல்லாமல் போகிறது; வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளியில் நுழைவது பாசி.

தண்டுச் செடிகள்

ரோட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, பகோபா, லிம்னோஃபிலா, கபோம்பா எல்லாம் இந்த வகை. நம் நீர்ப்பிரமியும் பகோபா இனம்தான். இவற்றில் உச்சிமொட்டு ஆக்சின் என்ற ஊக்கியை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது; அது பக்கமொட்டுகளை உறங்க வைக்கிறது. உச்சி போனால் உறக்கம் கலைகிறது. வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து துளிர்கள் கிளம்பும். தோட்டத்தில் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் செடி புதராவது இதே விதியால்தான்.

கணுவுக்குச் சற்று மேலே, அரை செ.மீ.க்கும் குறைவான மிச்சம் வைத்து வெட்டுங்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டினால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெற்றுத் தண்டால் எந்தப் பயனும் இல்லை. அது அழுகத்தான் செய்யும். ரோட்டாலா போன்ற சிற்றிலைச் செடிகளில் கணுக்கள் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டத் தேவையில்லை, கூட்டமாகவே வெட்டலாம். ஹைக்ரோஃபிலா, பெரிய பகோபா போன்றவற்றைத் தண்டு தண்டாக வெட்டுங்கள்.

உயரம்தான் பலரும் தடுமாறும் இடம். கடைசியில் எந்த உயரம் வேண்டுமோ அந்த உயரத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுவளர்ச்சி மேலே போகும் என்பதை மறக்கக் கூடாது. 30 செ.மீ. புதர் வேண்டுமென்றால் முதல் வெட்டு தரையிலிருந்து 8 முதல் 12 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கிளை பிரிதல் தாழ்வாக நடந்து, புதரின் அடியும் அடர்த்தியாகும். அதே சமயம், மிஞ்சும் துண்டில் பச்சை இலையுள்ள கணுக்கள் குறைந்தது மூன்று நான்காவது இருக்க வேண்டும். இலையே இல்லாத அடிக்குச்சி சில செடிகளில் துளிர்க்கும், பலவற்றில் துளிர்க்காது.

அடுத்தடுத்த வெட்டுகளை முந்தைய வெட்டுக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே போடுங்கள். பழைய வெட்டுக்குக் கீழே போனால் புதிதாகப் பிரிந்த கிளைகள் எல்லாம் போய், பழைய கட்டைத் தண்டு மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு வெட்டிலும் தலைகள் பெருகும். மூன்று நான்கு சுற்றுகளில் புதர் மிக அடர்ந்து, உள்ளே வெளிச்சம் போகாமல், அடித்தண்டு கறுக்கத் தொடங்கும். துளிர்களும் சின்னஞ்சிறிதாக வரும். அதுதான் புதரை மொத்தமாகப் புதுப்பிக்கச் சொல்லும் அறிகுறி.

புதுப்பிக்கும்போது நல்ல தலைப்பாகங்களை 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்குச்சிகளை வேரோடு பிடுங்குவதைவிட மண்மட்டத்தில் வெட்டிவிடுவது பல தொட்டிகளுக்கு நல்லது. சத்துமண் போட்ட தொட்டியில் வேரை உருவினால் அடியிலுள்ள அம்மோனியாவும் சேறும் மேலே வரும். உருவித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கையால் மண்ணை அழுத்திக்கொண்டு, தண்டை மெதுவாகச் சாய்த்து இழுங்கள்; அன்றே 50 சதவீதம் நீர் மாற்றுங்கள். வெட்டிய தலைகளில் அடி இரண்டு கணுக்களின் இலைகளைக் கழற்றிவிட்டு, இடுக்கியால் அடிமுனையைப் பிடித்து, சற்றுச் சாய்வாக 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். வேர் அந்தக் கணுக்களிலிருந்துதான் வரும். இடுக்கியை நேராக உருவினால் செடியும் கூடவே வந்துவிடும். பிடியைத் தளர்த்தி, லேசாக அசைத்துக்கொண்டே எடுங்கள். சிற்றிலைச் செடிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து, பெரிய இலைச் செடிகளைத் தனித்தனியாக, ஏறத்தாழ 2 செ.மீ. இடைவெளியில் நடலாம். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால்.

எல்லாத் தண்டுச் செடியும் வெட்டை ஒரே மாதிரி ஏற்காது. ரோட்டாலாவும் ஹைக்ரோஃபிலாவும் எத்தனை முறை வெட்டினாலும் சலிக்காமல் துளிர்க்கும். கபோம்பாவின் அடித்தண்டு பலவீனமாகவே மீளும். அதற்குத் தலையை வெட்டி நடுவதே சரி. டோனினா போன்ற நுட்பமான செடிகளில் வெட்டிய அடி துளிர்க்காமலே போகலாம். துளிர் தெரியும்வரை தலையையும் அடியையும் இரண்டையும் வைத்திருங்கள். செரடோஃபில்லத்துக்கு வேரே கிடையாது. எங்கு வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்ளலாம்; துண்டு தன் வழியில் வளரும்.

கூட்டத்தின் மேல்விளிம்பைச் சமமட்டமாக வெட்டினால் வேலி போலத் தோன்றும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ, ஓரங்கள் நடுவைவிடத் தாழ, ஒரு குவிமாடமாக வெட்டுங்கள். முன்வரிசைத் தண்டுகள் தாழ்ந்திருந்தால் பின்வரிசையின் அடிக்கும் வெளிச்சம் கிடைக்கும். அழகு அதில் இலவசமாக வருவது. பல தண்டுக் கூட்டங்கள் உள்ள தொட்டியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். இந்த வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டால் மீன்களுக்கும் மறைவிடம் இருக்கும்.

நடுக்குருத்திலிருந்து வளரும் செடிகள்

அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வல்லிஸ்நேரியா, சாஜிட்டேரியா. இவற்றில் புதிய இலை நடுவிலிருந்து வரும்; பழையது வெளிவட்டத்துக்குத் தள்ளப்படும். ஆகவே வெட்டு எப்போதும் வெளியிலிருந்து உள்ளே. பழுத்த, ஓட்டை விழுந்த, பாசி படிந்த வெளியிலைகளைக் காம்போடு, அடியிலிருந்து ஒரு செ.மீ.க்குள் வெட்டுங்கள். இலையைப் பாதியில் வெட்டினால் மீதிப் பாதி மீண்டும் வளராது. அந்த மிச்சம் மெல்ல அழுகும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலைகளை எடுக்காதீர்கள். இந்தச் செடிகள் சேமிப்பை இலையிலும் வைத்திருக்கின்றன.

ஸ்வார்ட் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்து தொட்டியை விழுங்கப் பார்க்கும். அதை அடக்க இலையை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தால் அது விடாமல் புதிது விடும். வேரைக் குறைப்பதுதான் வழி: குருத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, நீளக் கத்தியை மண்ணில் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் வேர்களை அறுத்துவிடுங்கள். ஒரே நாளில் முழு வட்டம் வேண்டாம். அரை வட்டம் இப்போது, மறுபாதி சில வாரம் கழித்து. பூத்தண்டு எழும்பினால் அதில் குட்டிச் செடிகள் முளைக்கும். நான்கைந்து இலையும் 3 செ.மீ. அளவுக்கு வேரும் வந்தபின் பிரித்து நடலாம். குட்டிகள் வேண்டாமென்றால் பூத்தண்டை அடியிலேயே வெட்டுங்கள். அதற்குப் போகும் சத்து இலைக்குத் திரும்பும்.

வல்லிஸ்நேரியாவின் நீண்ட நாடா இலைகள் பரப்பில் மிதந்து வெளிச்சத்தை மறைக்கும்போது நுனியை நறுக்கிவிடத் தோன்றும். இலை அடியிலிருந்து வளர்வதால் நுனி போனாலும் உயிரோடு இருக்கும். ஆனால் வெட்டிய விளிம்பு பழுப்பாகும். தெம்பில்லாத செடியில் அந்த இலை முழுதாகவே கரையும். நீளமான பழைய இலைகளை அடியோடு எடுப்பதே தூய்மையான வழி. நறுக்கத்தான் வேண்டுமென்றால் கூரிய கத்தியால் ஒரே வெட்டு, கிழிசல் இல்லாமல். தொட்டி உயரத்துக்கு ஒவ்வாத பெரிய இனத்தை வைத்துக்கொண்டு வாராவாரம் போராடுவதைவிடக் குட்டை இனத்துக்கு மாறுவது புத்திசாலித்தனம். இதன் ஓடுதண்டுகள் மண்ணுக்கடியில் ஓடி எங்கெங்கோ தலை நீட்டும். குட்டியில் மூன்று நான்கு இலை வந்ததும் இடையிலுள்ள ஓடுதண்டை வெட்டிப் பிரிக்கலாம். அதற்கு முன்பே வெட்டினால் தாயிடமிருந்து சத்து வாங்கிக்கொண்டிருக்கும் குட்டி வாடிவிடும்.

கிரிப்டோகோரைன் மாற்றத்தை விரும்பாத செடி. பிடுங்கி நட்டாலோ, நீரின் தன்மை திடீரென்று மாறினாலோ எல்லா இலையும் கூழாகிக் கரைந்துவிடும். பதறிப்போய்த் தூக்கி எறியாதீர்கள். கூழான இலைகளை அடியில் வெட்டிவிட்டு, வேர்ப்பாகத்தை அசைக்காமல் வையுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் புதுக்குருத்து வரும். இதனாலேயே இதற்குக் கவாத்து என்றால் வெளியிலையை எடுப்பது மட்டும்தான். கூட்டம் மிக அடர்ந்தால் நடுநடுவே சில செடிகளை மண்மட்டத்தில் வெட்டி இடம் விடலாம்.

அல்லி இனங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே மிதக்கப் போகும் இலையின் காம்பு மற்றவற்றைவிட வேகமாக நீளும். அது பரப்பைத் தொடும் முன்பே அடியில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் செடி நீருக்குள் இருக்கும் இலைகளையே அதிகம் விடும். சில மிதக்கும் இலைகளை விட்டுவிட்டால் பிறகு அது மேலேயே கவனம் செலுத்தும்.

கட்டையிலும் கல்லிலும் ஒட்டியவை

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா, போல்பிடிஸ். கிடையாக ஓடும் கிழங்குத்தண்டு இவற்றின் உயிர்நாடி. இலையை எடுக்க வேண்டுமென்றால் காம்பு கிழங்குத்தண்டைச் சேரும் இடத்துக்கு அருகில் வெட்டுங்கள். கிழங்குத்தண்டில் கீறல் விழக் கூடாது. மெதுவாக வளரும் செடி என்பதால் ஓரிரு இலைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க மனம் வராது; வரவும் வேண்டாம். கறுப்புத் தாடிப் பாசி பிடித்த பழைய இலையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட வெட்டி எறிவதே மேல்.

செடியைப் பெருக்க, கிழங்குத்தண்டைக் கூரிய பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று நான்கு இலை இருக்கட்டும். இலையில்லாத பழைய பின்துண்டும் சில சமயம் துளிர்க்கும். ஓரத்தில் கட்டிவைத்துப் பார்க்கலாம், ஆனால் அவசரம் கூடாது. புதிய துண்டைக் கட்டையில் நூலால் கட்டுங்கள் அல்லது ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையால் (சூப்பர் குளூ) ஒட்டுங்கள். கிழங்குத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். அழுத்தினால் மெத்தென்று இருந்து நாற்றம் வந்தால், கெட்டியான பச்சைப் பகுதி தெரியும்வரை அழுகலை வெட்டி நீக்குங்கள்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தால் அது நோயல்ல, வித்துகள். வயதான இலையின் நுனியிலும் விளிம்பிலும் குட்டிச் செடிகள் முளைப்பதும் இயல்பு. குட்டிகள் வேண்டுமானால் இலை அழகில்லாமல் போனாலும் விட்டுவையுங்கள். வேர் விட்டபின் கிள்ளி எடுக்கலாம்.

தரைவிரிப்பும் மாஸும்

மான்டி கார்லோ, ஹெமியாந்தஸ் கியூபா, குளோசோஸ்டிக்மா போன்றவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் படரும். தடிமன் 3 செ.மீ. தாண்டினால் அடியடுக்குக்கு வெளிச்சமும் நீரோட்டமும் கிடையாது. அங்கே மஞ்சளாகி, வேர் அழுகி, பிடி தளரும். மேலடுக்கு விடும் ஆக்சிஜன் குமிழ்கள் கீழே சிக்கிக்கொள்ள, ஒரு நாள் காலையில் பாய் பாயாகப் பெயர்ந்து மேலே மிதக்கும். அழகாக அடர்ந்துவிட்டது என்று வெட்டத் தயங்குபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. 2 செ.மீ. தடிமன் வந்ததும் பாதியாக வெட்டத் தொடங்குங்கள். கியூபா இன்னும் மென்மையானது, 1 செ.மீ. விட்டு வெட்டலாம். வெட்டும்போது சைஃபன் குழாயைப் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் நுண்ணிய துண்டுகள் எல்லா மூலையிலும் போய் முளைக்கும்.

அடி ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டால் மேலே வெட்டினால் மஞ்சள்தான் தெரியும். அப்போது ஒரு கைப்பிடி அகலத்துக்கு அந்தத் திட்டை வெட்டி எடுத்துவிட்டு, பச்சையான மேல்நுனிகளைச் சிறு கொத்துகளாக 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். திட்டுத் திட்டாகச் செய்தால் தரை முழுதும் வெறுமையாகாது.

ஹேர்கிராஸை 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்கு வெட்டலாம். நட்ட சில வாரங்களில் ஒருமுறை குட்டையாக வெட்டினால் பக்கவாட்டில் ஓடுவது வேகமாகும். வெட்டிய முனைகள் சில நாள் பழுப்பாக இருக்கும். புதுப்புல் வந்து மறைத்துவிடும். ஆரைக்கீரை இனமான மார்சிலியா மெதுவாகப் போவது. உயர்ந்த இலைகளை மட்டும் காம்போடு எடுத்தால் போதும்.

மாஸுக்கு வேர் இல்லை. அடி செத்துப் பழுப்பானால் கட்டையிலிருந்து மொத்தமாகக் கழன்றுவிடும். 3 செ.மீ. வளர்ந்ததும் 1 செ.மீ. விட்டு ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் கிளைகள் பிரிந்து, அடுத்த முறை இன்னும் அடர்த்தியாக வரும். கட்டையை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து வாளிக்குமேல் வைத்து வெட்டுவது உத்தமம். தொட்டிக்குள்ளேயே வெட்டினால், ஃபில்டர் நின்றிருக்க வேண்டும், சைஃபனின் மறுமுனையில் வலை கட்டியிருக்க வேண்டும். இறால் வளர்ப்பவர்கள் அந்த வலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மிதக்கும் செடிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சால்வினியா, பிஸ்டியா, ஃபிராக்பிட் எதுவானாலும் வாரம் ஒருமுறை அள்ளி எடுத்து, பரப்பில் பாதியாவது திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய, பெரிய செடிகளை எடுத்துவிட்டு இளசுகளை வையுங்கள்.

வெட்டிய பின் ஒரு வாரம்

விளக்கு நேரத்தை ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி குறையுங்கள். எட்டு மணி நேரம் எரிந்தால் ஆறாக்குங்கள். உரத்தைச் செடியின் தேவைக்கு மட்டும் அளவாகக் கொடுத்துவருபவர்கள் அளவைச் சற்றுக் குறைக்கலாம். தாராளமாகக் கொடுத்து வாராவாரம் பாதி நீர் மாற்றும் முறையில் இருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். எப்படியானாலும் நிறுத்திவிடாதீர்கள், துளிர் விடும் செடிக்குச் சத்து வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு செலுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உறிஞ்சும் இலைகள் குறைந்ததால், அதே குமிழ் வேகத்தில் நீரில் வாயுவின் அளவு ஏறலாம். விளக்கு அணையும் முன் கடைசி ஒரு மணி நேரம் மீன்களைப் பாருங்கள். மேலே வந்து மூச்சு வாங்கினால் குமிழ் வேகத்தைக் குறைத்து, நீர்ப்பரப்பைக் கொஞ்சம் கலங்கவிடுங்கள். தண்டுச் செடிகளில் ஒரு வாரம், பத்து நாளில் துளிர் தெரிய வேண்டும். தெரியும்வரை அதே கூட்டத்தில் மறுபடி கைவைக்காதீர்கள்.

எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க

வெட்டிய முனை கறுத்துக் கீழ்நோக்கி அழுகினால்: மழுங்கிய கத்தி, அல்லது கணுவிலிருந்து வெகுதூரம் விட்டு வெட்டியது. ஆரோக்கியமான கணுவுக்குச் சற்று மேலே மறுபடி வெட்டுங்கள். அழுகலே இல்லாமல், துளிரும் இல்லாமல் நின்றால் மேலே வேறு செடியின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் நீர் வெள்ளையாகக் கலங்கினால், எங்கோ வெட்டுத்துண்டுகள் அழுகிக்கொண்டிருக்கின்றன, அல்லது மண் அதிகம் கிளறப்பட்டிருக்கிறது. கற்களின் பின்புறத்தையும் ஃபில்டர் வாயையும் தேடிப் பாருங்கள். 30 சதவீதம் நீர் மாற்றுங்கள். அம்மோனியா சோதனை செய்யுங்கள். துளிர்கள் வந்தும் வெளிறி, முறுக்கிக்கொண்டு வந்தால் அது கவாத்தின் குற்றமல்ல, சத்துக் குறையாக இருக்கலாம்.

சத்துக் குறையைக் கத்தரிக்கோலால் மறைப்பதும் நடக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்கு அனுப்பிக்கொள்ளும். அதனால் இவற்றின் குறை பழைய இலையில் தெரியும். முழு இலையும் மஞ்சளானால் நைட்ரஜன் குறை, ஊசித்துளைகள் விழுந்து அவை பெரிதானால் பொட்டாசியம் குறை என்று சந்தேகிக்கலாம். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது; அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். வாராவாரம் மஞ்சளிலைகளை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், வெட்டுவதை நிறுத்திவிட்டு உரத்தைப் பாருங்கள். குறையைச் சரிசெய்தாலும் கெட்ட இலை திரும்ப நன்றாகாது. புதிய இலைகள் தொடர்ந்து நன்றாக வரத் தொடங்கியபின் பழையவற்றை வெட்டிவிடலாம்.

வெட்டியதை எங்கே போடுவது

நல்ல தலைகளை ஈரத்தாளில் சுற்றி உறையில் போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். வெயில் படாமல் ஓரிரு நாள் தாங்கும். கொடுக்கும் முன் நத்தை முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஓடையிலோ குளத்திலோ கழிவுநீர்க் கால்வாயிலோ போடவே கூடாது. ஒரு கணுத்துண்டு போதும், முழுச் செடியாவதற்கு. தெற்காசியாவைச் சேர்ந்த ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா அமெரிக்காவின் ஃபுளோரிடா நீர்நிலைகளில் பரவிய களையாக இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த கபோம்பா ஆஸ்திரேலியாவில் அதே தொல்லை. இரண்டுமே மீன் தொட்டிகளுக்காக உலகம் சுற்றும் செடிகள்.

துண்டுகளை வெயிலில் சருகாகும்வரை உலர்த்தி, பிறகு உரக்குழியில் போடுங்கள். வாளியில் மிஞ்சும் நீரை வடிகட்டித் தோட்டச் செடிகளுக்கு ஊற்றலாம். வடிகட்டியில் நின்ற நுணுக்குத் துண்டுகளும் அதே வெயிலுக்குப் போகட்டும். கத்தரிக்கோலை நல்ல நீரில் கழுவி, திருகு இருக்கும் இடத்தில் ஈரம் நிற்காமல் துடைத்து, விரித்தபடியே காயவிடுங்கள்.